எங்கே குளிப்பாய், சோறு யார் வடிப்பார்கள்?

சிக்கிமில் உள்ள கோய்ச்சாலா மலைப்பாதைக்குப் போய்த் திரும்பிய பிறகு, பள்ளியில் உடன் பணியாற்றுபவர்களும் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் இருப்பவர்களும் கஞ்சன்ஜங்காவின் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பித் தருகிறார்கள். அந்தப் படத்தை எடுத்த இடத்தில் நாங்கள் நின்றது அரை மணி நேரம்கூட இருக்காது. மலையில் கழிந்ததோ ஒன்பது பகலும் எட்டு இரவும். அந்த நாள்களில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டவர் அம்மா ஒருவர்தான், அதுவும் நான் புறப்படுவதற்கு முன்பே. காலையில் எழுந்தால் எங்கே போவாய், எங்கே குளிப்பாய், சோறு யார் வடிப்பார்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. போய்வந்த பிறகு, கேட்கத் தகுந்த கேள்விகள் அவைதாம் என்று தோன்றுகிறது.

பயிற்சி எல்லாம் ஏற்காட்டு மலையில்தான் நடந்தது. நான்கு மாதங்கள், ஞாயிறுதோறும் விடியும் முன் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே கடந்து ஏரிக்கரை வரை ஏறி, தேநீர் குடித்துவிட்டுப் பேருந்தில் இறங்கிவிடுவேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் இருப்பதால், ஒரே காலையில் சுமார் 1,200 மீட்டர் ஏறுகிறோம் என்பது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்திருந்தது. பயணத் திட்டத்தில் ஒரு நாளில் ஏறவேண்டிய அதிகபட்ச உயரம் 1,000 மீட்டர்தான் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, இது நமக்குப் பழகிய கணக்குதானே என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு ஆசிரியை ஒருத்தி இப்படி நினைத்தது தவறு என்று மலை பின்னால் சொல்லித் தந்தது.

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் விரைவு வண்டியில் நானும் தம்பியும் அவனுடைய நண்பர் ஒருவரும் சேலம் சந்திப்பில் ஏறினோம். பெட்டி முழுவதும் ஊர் திரும்பும் அசாம், வங்காளத் தொழிலாளர்கள். இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து, நியூ ஜல்பைகுரியில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் ஒரு பகல் முழுவதும் வளைந்து வளைந்து யுக்சம் போய்ச் சேர்ந்தோம். சிக்கிமின் முதல் அரசர் 1642ஆம் ஆண்டில் முடிசூடிய ஊர் அது என்றாலும் இப்போது சிறிய கிராமம்தான். சாலை அங்கே முடிகிறது. மறுநாள் காலையில் நாங்கள் பதினொரு பேர், ஒரு வழிகாட்டி, இரண்டு துணை வழிகாட்டிகள், ஒரு சமையற்காரர், அவருக்கு மூன்று உதவியாளர்கள், கூடாரங்களையும் மண்ணெண்ணெயையும் காய்கறி மூட்டைகளையும் சுமக்கும் ஜோக்கள் என்று ஒரு சிறிய ஊரே புறப்பட்டது. ஜோ என்பது யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினம். அதன் கழுத்து மணி கேட்டால் பாதையில் மலைச்சரிவுப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒதுங்கவே கூடாது என்பதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம்.

ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். ஐந்தரை மணிக்குக் கூடாரத்தின் வாயில் துணியை யாரோ வெளியிலிருந்து தட்டுவார்கள். உடனே ஒரு குவளை சூடான தேநீர் உள்ளே நீளும். அதைக் குடித்து முடிப்பதற்குள் பல் துலக்க வெந்நீர் வரும், ஆளுக்கு ஒரு குவளை, அவ்வளவுதான். அதன் பிறகு படுக்கைப் பையைச் சுருட்டி அதன் உறைக்குள் திணிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிற இந்த வேலை, 4,000 மீட்டர் உயரத்தில் மனிதரை மூச்சு வாங்க வைத்துவிடும். காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்து ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்கு நடை. நாங்கள் கிளம்பிய பிறகுதான் சமையற்குழு பாத்திரம் கழுவி, கூடாரம் பிரித்து, ஜோக்களின் மேல் ஏற்றிக் கட்டும். ஆனால் பத்து மணிக்குள் அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். மதியம் நாங்கள் தள்ளாடிக்கொண்டு போய்ச் சேரும்போது கூடாரம் எழுந்து நிற்கும், அடுப்பில் பருப்பு கொதிக்கும். மலையேறியவர்கள் என்ற பெயர் எங்களுக்கு. அந்த வேகத்தைக் கண்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

நடை என்பது ஏற்காட்டில் நான் பழகிய நடை அன்று. முதல் நாளே நான் முன்னால் போகத் தொடங்கியதும் வழிகாட்டி, தீதி என்று கூப்பிட்டு நிறுத்தினார். நேபாளியில் அக்கா என்று பொருள். பிஸ்தாரை, பிஸ்தாரை என்றார். மெதுவாக, மெதுவாக என்பது அதன் பொருள் என்று தம்பி சொன்னான். ஒன்பது நாள்களில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு திணறினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள் என்பது அவருடைய அளவுகோல். மூன்றாம் நாள், சுமார் 3,000 மீட்டரில் இருக்கும் சோக்கா என்ற சிற்றூரிலிருந்து, மரக்கட்டைகளைப் பதித்த பாதையில் ரோடோடென்ட்ரான் என்ற பூமரக் காட்டின் ஊடாக ஜோங்ரி என்ற முகாமுக்கு ஏறினோம். நான் அலட்சியமாக எண்ணிய அந்த 1,000 மீட்டர் ஏற்றம் அதுதான். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கு ஐந்து மணி நேரத்தில் ஏறி அன்றே திரும்பி வந்து துணி துவைத்தவள், இங்கே ஏழு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, எதிரே தெரிகிற கூடாரம் வரை நடக்க மனமில்லாமல் இருந்தேன்.

காரணம் காலில் இல்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. 4,000 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் தன் போக்கில்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இன்று இரவு தூங்குகிற இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவம் சொல்லும் பொது விதி. சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு ஏறுவது அந்த விதியை மீறுவதுதான். இடையில் வசதியாகத் தங்க இடம் அதிகமில்லை. அதனால்தான் ஜோங்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வைக்கிறார்கள். அது ஓய்வு நாள் என்று பெயர்தானே தவிர, விடியுமுன் எழுப்பி 4,100 மீட்டருக்கு மேலுள்ள ஜோங்ரி உச்சிக்கு ஏற்றி, சூரியன் வந்ததும் கீழே இறக்கிவிடுவார்கள். பகலில் உயரே போ, இரவில் தாழ்வாகத் தூங்கு என்பது பழக்கப்படுத்தும் முறை.

சோறு யார் வடிப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். யாரும் வடிப்பதில்லை, வடிக்கவும் முடியாது. அந்த உயரத்தில் தண்ணீர் 86, 87 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசியை எவ்வளவு நேரம் போட்டாலும் நடுவில் வேகாத ஒரு விதை நின்றுகொண்டே இருக்கும். ஆகவே சமையற்கூடாரத்தின் உயிர் குக்கர்தான். அதன் விசில் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். ஏதோ வீட்டுச் சமையலறை அந்தக் காட்டுக்குள் வந்துவிட்டது போல இருக்கும். காலையில் கஞ்சியும் முட்டையும், மதியம் சோறும் பருப்பும் முட்டைக்கோசும், மாலை ஐந்து மணிக்குச் சூப், ஏழு மணிக்குள் மறுபடியும் சோறோ சப்பாத்தியோ. எவர்சில்வர் தட்டுகளைப் பார்த்ததும் எங்கள் சேலம் உருக்காலையின் முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. நான்காம் நாள் மாலை வந்த சூப் பொட்டலத்தின் வாசனை எனக்குக் குமட்டியது. அம்மா கட்டிக் கொடுத்த ரசப்பொடியைச் சமையற்காரரிடம் கொடுத்து, தக்காளியும் புளியும் சேர்த்துக் கொதிக்கவிடச் சொன்னேன். புளி கிடையாது, எலுமிச்சை இருக்கிறது என்றார். அன்று எல்லாரும் குவளை குவளையாகக் குடித்தார்கள். நாக்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த தம்பதி, இது மருந்தா சூப்பா என்று கேட்டுக்கொண்டே மூன்றாம் முறை வாங்கினார்கள். ஏற்காட்டு மிளகு என்று நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்; சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் காய்த்த மிளகு, உறவினர் தோட்டத்திலிருந்து வருடந்தோறும் வருவது.

பசி இருப்பது அங்கே ஒரு நற்சான்றிதழ். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைவலிக்கும், குமட்டும், முதலில் உணவு வேண்டாம் என்று தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாலைதோறும் எல்லார் விரலிலும் மாட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கொரோனாக் காலத்தில் 94க்குக் கீழே போனால் நடுங்கிய நாங்கள், ஜோங்ரியில் 85 என்று காட்டியபோது வழிகாட்டி நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியதைக் கண்டு விழித்தோம். ஆனால் அவர் கருவியைவிட அதிகமாக நம்பியது தட்டுகளை. சாப்பாட்டுக் கூடாரத்தில் அவர் எங்களோடு உட்கார மாட்டார்; வாயிலில் நின்று, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யார் தட்டை யாருக்குத் தெரியாமல் கழுவப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வேலை வழியைக் காட்டுவது என்று நினைத்திருந்தேன். வழி தேய்ந்து கிடக்கிறது, அதை ஜோக்களே அறியும். அவர் நாள் முழுவதும் பார்த்தது எங்களை.

ஜோங்ரிக்கு ஏறிய அன்று இரவு தம்பியின் நண்பர் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்தார். ஓசூரில் வேலை பார்ப்பவர், அரை மராத்தான் ஓடுபவர், எங்கள் மூவரில் உடல் வலு மிக்கவர் அவர்தான். களைப்பு, வேறொன்றுமில்லை என்றார். தலை வலிக்கிறதா என்று வழிகாட்டி கேட்டதற்கு இல்லை என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவர் கூடாரத்துக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வழிகாட்டி அங்கேயே உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாராம். பேச்சின் நடுவில் மத்தியானத்திலிருந்தே மண்டை பிளக்கிறது என்று இவரே சொல்லிவிட்டார். காலையில் வாந்தியும் சேர்ந்துகொண்டது. விவாதத்துக்கே இடமில்லாமல், ஒரு துணை வழிகாட்டியோடு அவரைச் சோக்காவுக்கு இறக்கினார்கள். இறங்கிய சில மணி நேரத்தில் வலி தெளிந்து, மறுநாள் யுக்சம் போய்விட்டார் என்பது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. உடல் தகுதிக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் தொடர்பில்லை என்று படித்திருந்தோம். நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், வலியை மறைக்கவும் தெரிந்திருக்கிறது. அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தலைவலியை மறைப்பதை வீரம் என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

குளியல் கிடையாது. ஒன்பது நாளும் கிடையாது. குளிரில் வியர்வை அவ்வளவாக நாறுவதில்லை என்பது ஒரு ஆறுதல். நான்காம் நாளுக்குப் பிறகு எல்லாரும் ஒரே மண்ணெண்ணெய், புகை, ஜோ வாசனையில் கலந்துவிடுவதால் தனித்து யாரையும் குறை சொல்லவும் முடியாது. கழிப்பறை என்பது குழி தோண்டி அதன் மேல் நிறுத்திய ஒடுக்கமான கூடாரம்; பக்கத்தில் மண் குவியலும் ஒரு கரண்டியும் இருக்கும். ஈரத் தாள்களைக் குழியில் போடக் கூடாது, அவரவர் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். எனக்குத் தான்சிங் முகாமில் மாதவிடாய் வந்தது, கணக்குக்கு ஐந்து நாள் முன்னதாக. இதை எழுதலாமா என்று யோசித்தேன். போக நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் எழுதுகிறேன். பயன்படுத்தியவற்றைத் தாளில் சுற்றி, கறுப்பு உறைக்குள் வைத்து, இறுக்கி மூடும் பையில் போட்டு யுக்சம் வரை என் மூட்டையிலேயே சுமந்தேன். வலிக்கு மாத்திரையும், வயிற்றில் வைத்துக்கொள்ள வெந்நீர் பாட்டிலும் இருந்தன. குழுவில் யாருக்கும் அது ஒரு செய்தியாகவே இல்லை.

இரவைப் பற்றி அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். சிக்கிம் கிழக்கே இருப்பதால் நவம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், சேலத்தில் மாலைப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் இன்னும் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிற நேரம். யுக்சத்தைத் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. எட்டு மணிக்குள் எல்லாரும் படுக்கைப் பைக்குள் போய்விடுவோம். கைப்பேசி, கேமரா மின்கலம், நாளைய காலுறை, ஈரம் உலராத இன்றைய காலுறை, வெந்நீர் நிரப்பிய பாட்டில் எல்லாம் நம்மோடு பைக்குள் தூங்கும். வெளியில் விட்டால் மின்கலம் குளிரில் சக்தியிழந்துவிடும், காலுறை விறைத்துவிடும். நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய ஈரம் போய்விடுவதால். உயரத்துக்குப் பழகும்போது சிறுநீரகமும் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும். உயரத்துக்குப் பழக மருத்துவர் ஆலோசனையின் பேரில் நான் எடுத்துக்கொண்ட டயமாக்ஸ் மாத்திரையோ அதை இன்னும் கூட்டிவிடும், போதாததற்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும். ஆக, நள்ளிரவில் இரண்டு முறையாவது எழ வேண்டும். பையின் ஜிப்பைத் திறந்து, மேலங்கி மாட்டி, நெற்றி விளக்கைத் தேடி, கூடாரத்தின் இரண்டு ஜிப்புகளைத் திறந்து, உறைந்த காலணிக்குள் காலை நுழைப்பதற்குள் முழு விழிப்பு வந்துவிடும். எங்கள் மூச்சே கூடாரத்தின் உட்புறத்தில் பனித்துகளாகப் படிந்து, துணியைத் தொட்டதும் முகத்தில் உதிரும். இரண்டாம் இரவு பக்கத்தில் படுத்திருந்த பெண் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது போலக் கேட்டுப் பதறி எழுப்பினேன். தூக்கத்தில் மூச்சு ஆழமாகி, பிறகு தணிந்து, சில விநாடி நின்று, மறுபடி தொடங்குவது உயரமான இடங்களில் வழக்கமானதுதான் என்று காலையில் தெரிந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார்.

அப்படி வெளியே வந்த ஒரு இரவில், லாமுனே முகாமில், பாண்டிம் சிகரம் நிலவொளியில் கூடாரத்தின் மேல் சாய்ந்து நிற்பது போல இருந்தது. 6,691 மீட்டர். அவசரமாக வந்தவள் குளிரை மறந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

உச்சி நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மணிக்குக் கஞ்சி, இருட்டில் வரிசையாக நெற்றி விளக்குகள், ஓரம் உறைந்த சமிதி ஏரி, அதன் பிறகு மூச்சை எண்ணி எண்ணி ஏறுகிற கற்குவியல். இப்போது பயணிகள் 4,940 மீட்டரில் இருக்கும் கோய்ச்சாலா கணவாய் வரை போவதில்லை, 4,600 மீட்டரை ஒட்டிய முதல் காட்சிமுனையோடு நின்றுவிடுகிறார்கள். கஞ்சன்ஜங்காவின் மேல் முதலில் செம்பும் பிறகு பொன்னும் ஏறியது. துணை வழிகாட்டி ஒரு கைப்பிடி ஜூனிப்பர் இலையைப் பற்றவைத்துப் புகை காட்டினார். சிக்கிம் மக்களுக்கு அந்த மலை காவல் தெய்வம். 1955ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் முதன்முதலில் அதன்மேல் ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வருகிற எனக்கு, மலையைச் சாமி என்று சொல்வதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இறக்கம் முழங்காலுக்கு ஏற்றத்தைவிடக் கொடுமை. கோக்சுராங்கில் ஓர் இரவு, சோக்காவில் ஓர் இரவு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறங்கும்போதும் காற்று கெட்டியாகி, பேச்சும் பசியும் திரும்பின. யுக்சத்தில் ஒரு வாளி வெந்நீர் தந்தார்கள். முதல் குவளைத் தண்ணீர் தலையில் விழுந்து தரையில் ஓடியபோது அதன் நிறத்தைப் பார்த்து, நல்லவேளை அம்மா இதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்னல் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். குளித்தாயா என்றார். குளித்தேன் என்றேன். ரசப்பொடி மீதம் இருக்கிறதா என்றார். ஒரு சிட்டிகைகூட இல்லை, பொட்டலத்தையே சமையற்காரர் வாங்கிக்கொண்டார், எப்படி அரைப்பது என்று கேட்கிறார் என்று சொன்னேன். உடனே அவரிடம் கொடு என்றார். தம்பி நடுவில் நின்று அம்மாவின் தமிழை இந்தியில் சொன்னான். சமையற்காரர் மளிகைச் சிட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். துவரம்பருப்பும் தனியாவும் சீரகமும் சரியாகப் போயின. பெருங்காயத்துக்கு இந்தியில் என்ன பெயர் என்று தம்பி விழித்தான்; ஹீங் என்று சமையற்காரரே எடுத்துக்கொடுத்தார். மிளகு எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு, அவர்கள் ஊர் மிளகு எந்த அளவுக்குக் காரம் என்று முதலில் கேள் என்றார் அம்மா.